தண்டவாளத்துக்குச் சாணை பிடிக்கும் நேரம்

‘தண்டவாளப் பராமரிப்புப் பணி காரணமாக ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் ரத்து’ என்ற செய்தி சென்னைப் பதிப்புகளில் அடிக்கடி வரும். படித்தவுடன் நமக்கு அலுப்புதான் வருகிறது. கல்யாணத்துக்குப் போகவேண்டியவர் பேருந்து பிடிக்கிறார். மற்றவர்கள் ரயில்வேயைத் திட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ரயில் ஓடாத அந்தச் சில மணி நேரத்தில் பாதையில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ரயில்வேக்காரர்கள் அந்த நேரத்தை ‘பிளாக்’ என்பார்கள். பாதைப் பொறியாளர் கெஞ்சிக் கேட்பார், போக்குவரத்துப் பிரிவு யோசித்துக் கொடுக்கும். சில நாள் கொடுக்காது.

தண்டவாளத்தைச் சாணை பிடிக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கல்லின் கடினம், மோட்டாரின் சக்தி, லேசர் அளவி என்று பொறியியல் பெருகிக்கொண்டே போகும். ஆனால் எந்த நாட்டுக் கதையை எடுத்துப் பார்த்தாலும் முடிச்சு ஒரே இடத்தில்தான் விழுகிறது. இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ரயில் இல்லாத பாதைதான் கிடைப்பதில்லை. இந்தத் துறையில் வந்த புதுமைகளில் பெரும்பாலானவை இந்தப் பஞ்சத்துக்குப் பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில், இரும்பை ஏன் வேண்டுமென்றே தேய்க்கவேண்டும்?

சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் சட்டைப் பொத்தான் அளவுதான். சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். இந்திய ரயில்வேயின் பெரும்பாலான பாதைகளில் சரக்கு வேகனின் அச்சுப் பளு 22.9 டன் வரை போகிறது. அப்படியானால் ஒரு சக்கரத்தின் பங்கு பதினொன்றரை டன்னை நெருங்குகிறது. அதை அந்தச் சிறு பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம். நம் பாதைகளில் பரவலாக இருக்கும் ‘90 யுடிஎஸ்’ வகைத் தண்டவாளத்தின் இழுவலிமையோ சதுர மில்லிமீட்டருக்கு 90 கிலோதான். கணக்குப்படி பார்த்தால் முதல் ரயிலிலேயே நசுங்கிப்போகவேண்டும். நசுங்காததற்குக் காரணம், சுற்றியிருக்கும் இரும்பு அந்த இடத்தை நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. அப்படிப் பிடித்தும் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. 58 வேகன்கள் கொண்ட ஒரு நிலக்கரி ரயில் கடந்துபோனால், பாதையின் ஒவ்வொரு புள்ளியையும் 232 வேகன் சக்கரங்கள் மிதித்துவிட்டுப் போகின்றன. இப்படி நாளுக்கு எத்தனை ரயில், வருஷத்துக்கு எத்தனை நாள்!

நகர்ந்து நகர்ந்து களைத்த மேல்தோலில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. வளைவுகளில், வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பில், மீன் செதில் போல வரிசையாக அவை தெரியும். முதலில் மேலோட்டமாக, தோலுக்கு இணையாக ஓடும். அந்தக் கட்டத்தில் அவற்றால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து, அவற்றில் ஒன்று கீழ்நோக்கித் திரும்பும்போது வருகிறது. மழைநீர் உள்ளே இறங்கிவிட்டால் நிலைமை மோசம்: சக்கரம் வாயை மூடி அழுத்த, சிக்கிய நீர் விரிசலின் நுனியைப் பிளந்துகொண்டு போகிறது. குளிர்காலத்தில் இரும்பு சுருங்கி விறைத்திருக்கும்போது ஒருநாள் தண்டவாளம் குறுக்கே உடைகிறது. வட இந்தியாவில் பனிக்கால இரவுகளில் பாதையோர ரோந்து கூடுவது இதனால்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழைய தண்டவாளங்கள் மென்மையானவை, வேகமாகத் தேய்ந்தன. தேய்மானம் தன்னோடு இளம் விரிசல்களையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு உருக்குக் கடினமாயிற்று, வளைவுகளில் மசகு போடும் முறை வந்தது, தேய்மானம் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். விரிசல்களுக்கோ வளர அவகாசம் கிடைத்துவிட்டது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஜோ கலூசெக், தேய்மானமும் களைப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டும் ஒரு வேகம் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ‘மாயத் தேய்மான வேகம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். சக்கரங்கள் அந்த அளவுக்குத் தேய்க்கவில்லையென்றால் மிச்சத்தை நாம்தான் தேய்த்துக் கொடுக்கவேண்டும். இயந்திரச் சாணையின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான்.

எவ்வளவு இரும்பு போகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். தண்டவாளத் தலையின் அகலம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். அதில் 0.1 மில்லிமீட்டரை முழு அகலத்துக்கும் எடுத்தால், ஒரு கிலோமீட்டரில் ஒரு தண்டவாளத்திலிருந்து 55 கிலோ உருக்குப் பொடியாகிறது. அதே கிலோமீட்டரில் கிடக்கும் தண்டவாளத்தின் எடை 60 டன். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள வகைத் தண்டவாளத்தின் தலை 13 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று இந்திய ரயில்வே விதி வைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. விரிசலை முற்றவிட்டுப் பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுரண்டவேண்டி வரும்போதுதான் கையைக் கடிக்கிறது. முன்கூட்டியே, மெல்லியதாக, அடிக்கடி தேய்ப்பது ஒரு முறை. கெட்ட பிறகு ஆழமாகத் தேய்ப்பது இன்னொரு முறை. கனரகச் சரக்கு ரயில்கள் ஓடும் வட அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பட்டுத் தெரிந்துகொண்டு முதல் முறைக்கு மாறின.

பட்டும் தெரிந்துகொள்ளாத கதை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. 2000 அக்டோபர் 17 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ரயில், ஹாட்ஃபீல்டு நிலையத்துக்குத் தெற்கே ஒரு வளைவில் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். எழுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ரயிலுக்குக் கீழே தண்டவாளம் உடைந்ததோடு நிற்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தது. உள்விளிம்பு விரிசல்கள் நீளநெடுக இருந்த தண்டவாளம் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததும், பின்னால் வந்த சக்கரங்கள் மற்ற விரிசல்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிளந்துவிட்டன.

அந்த வளைவில் விரிசல் இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. மாற்றவேண்டிய புதுத் தண்டவாளம் கொண்டுவரப்பட்டுப் பாதையோரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது. அதை எடுத்துப் போட பிளாக் அமையவில்லை. பிரிட்டிஷ் ரயில்வே தனியார்மயமான பிறகு பாதை ஒரு கம்பெனியிடம், ரயில்கள் பல கம்பெனிகளிடம், பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களிடம் என்று பிரிந்திருந்தது. பாதையை மூடினால் ரயில் கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும். சாணை பிடிக்கும் வழக்கமும் அந்த ஆண்டுகளில் நொடித்துப்போயிருந்தது. விபத்துக்குப் பிறகு, தேடத் தேட நாடெங்கும் அதே விரிசல்கள் அகப்பட்டன. பீதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். பிரிட்டன் ரயில் போக்குவரத்து மாதக்கணக்கில் தள்ளாடியது. பாதையின் உரிமையாளரான ரயில்டிராக் 2001 அக்டோபரில் நிர்வாகக் காப்புக்குள் போயிற்று. மறு ஆண்டு நெட்வொர்க் ரயில் என்ற புது அமைப்பு பொறுப்பேற்றது. 2005-இல் நீதிமன்றம் பராமரிப்பு ஒப்பந்தக்காரரான பால்ஃபர் பீட்டிக்கு ஒரு கோடி பவுண்டும், நெட்வொர்க் ரயிலுக்கு 35 லட்சம் பவுண்டும் அபராதம் விதித்தது. சாணை ரயில்கள் பாதைக்குத் திரும்பின.

ஹாட்ஃபீல்டு கற்றுக்கொடுத்த இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. தண்டவாளத்தின் உள்ளே பார்ப்பதற்குக் கேளா ஒலிச் சோதனைதான் நமக்குள்ள கண். மேல்தோலில் விரிசல்கள் அடர்ந்திருந்தால் ஒலியலை அவற்றிலேயே பட்டுத் திரும்பிவிடும். அடியில் ஆழமாக இறங்கியிருக்கும் ஒன்று மறைந்துகொள்ளும். மேல்தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்தால்தான் சோதனையே நம்பத் தகுந்ததாகிறது. அமெரிக்காவில் 1911-இல் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டரில் உள்ளே ஒளிந்திருந்த விரிசலால் தண்டவாளம் உடைந்து 29 பேர் இறந்ததிலிருந்தே, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் முயற்சி நடக்கிறது. எல்மர் ஸ்பெரியின் மின்காந்தச் சோதனை வண்டி 1928-இல் ஓடத் தொடங்கியது. தேடும் கலையும் தேய்க்கும் கலையும் வெவ்வேறு அலுவலகங்களில் இருந்தாலும் ஒன்றில்லாமல் மற்றது பாதிக் குருடு.

இனி இயந்திரத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். தூரத்திலிருந்து அது சில பெட்டிகள் கொண்ட மஞ்சள் ரயில். அடியில் குனிந்து பார்த்தால், வளைய வடிவக் கற்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். 72 கல் இயந்திரம் என்றால் ஒரு தண்டவாளத்துக்கு 36. எல்லாக் கற்களும் ஒரே கோணத்தில் நிற்பதில்லை. சில நேரே கீழே பார்க்கின்றன, சில உள்விளிம்பை நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்கின்றன, சில வெளிப்பக்கம் லேசாகத் திரும்பியிருக்கின்றன. ஒவ்வொரு கல்லும் தண்டவாளத் தலையில் மெல்லிய தட்டைப் பட்டை ஒன்றை விட்டுப்போகிறது. பல கோணப் பட்டைகள் அடுத்தடுத்து விழும்போது அவை சேர்ந்து ஒரு வளைந்த வடிவமாகின்றன. பொறியாளருக்கு வேண்டியது அந்த வடிவம்தான். விரிசலை எடுப்பது பாதி வேலை. சக்கரம் எங்கே தொடவேண்டும், எங்கே தொடக்கூடாது என்று தீர்மானித்துத் தலையைச் செதுக்குவது மறு பாதி. நேர்ப்பாதைக்கு ஒரு வடிவம், வளைவின் வெளித் தண்டவாளத்துக்கு ஒன்று, உள் தண்டவாளத்துக்கு இன்னொன்று. வண்டியின் முன்னாலும் பின்னாலும் லேசர் அளவிகள் வடிவத்தைப் படித்துக்கொண்டே வருகின்றன.

இறக்கிவிட்டால் நெருப்பு மழை. இரவில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அழகு ஒருபுறமிருக்க, பாதையோரக் காய்ந்த புல்லுக்கு அது எமன். சாணை ரயில்கள் தண்ணீர்த் தொட்டிகளோடும் தீயணைக்க ஆட்களோடும்தான் போகின்றன. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ அபாய நாட்களில் வேலைக்கே கட்டுப்பாடு உண்டு. கற்கள் இறங்குவதற்கு முன் பாதையில் ஒரு முன்னோடிப் படையும் போயாகவேண்டும். லெவல் கிராசிங்கில் இருக்கும் காப்புத் தண்டவாளம், தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கும் சிக்னல் கருவிகள், மசகுப் பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றி வைக்கவேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டவேண்டும். பாதை பிரியும் இடங்களில் பெரிய இயந்திரம் நுழையமுடியாது. அங்கே கற்கள் குறைந்த சிறு இயந்திரம்தான் வேலைக்காகும்.

சாணை பிடிப்பதிலும் தப்பு உண்டு. கல்லை அளவுக்கு மீறி அழுத்தினால் மேற்பரப்பு கொதித்து நீலம் பாய்கிறது. கொதித்த தோல் அடியிலிருக்கும் குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறும்போது கண்ணாடிபோல் கடினமான, நொறுங்கும் படலமாக மாறிவிடும். அதிலிருந்து புது விரிசல் கிளம்புகிறது. விரிசலைப் பாதி ஆழத்துக்கு மட்டும் தேய்த்துவிட்டு, வெளியே பளபளப்பாக இருக்கிறதென்று விட்டுவிடுவதும் அதே வகைதான். நுனி உள்ளேயே இருக்கிறது. மோசமாகச் சாணை பிடிப்பதைவிடப் பிடிக்காமலே விடலாம் என்று சொல்லும் பொறியாளர்களை முழுக்கத் தவறென்று சொல்லமுடியாது.

தீப்பொறிக்கும் பொடிக்கும் மாற்றாக வந்தது சீவியெடுக்கும் முறை. ஆஸ்திரியாவின் லின்சிங்கர் போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் கல்லுக்குப் பதில், ஓரத்தில் உளிப்பற்கள் பதித்த பெரிய சக்கரம் சுழல்கிறது. ஒரே ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் சீவி எடுத்து, சீவலை அங்கேயே உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. சுரங்கப்பாதைகளுக்கு உகந்தது. ஆனால் நடப்பவரைவிட மெதுவாக நகரும். இதற்கு நேர் எதிர் முனையில் ஜெர்மனியின் வோஸ்லோ கொண்டுவந்த அதிவேகச் சாணை: அதன் கற்களுக்கு மோட்டாரே கிடையாது. தண்டவாளத்துக்குச் சற்றே கோணலாக வைக்கப்பட்ட கற்கள், வண்டி இழுபடும் வேகத்திலேயே தாமாகச் சுழன்று தேய்க்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும். ஒரு ஓட்டத்தில் கொஞ்சம்தான் எடுக்கும், வடிவத்தைத் திருத்தும் வல்லமையும் குறைவு. ஆனால் பாதையை மூடவேண்டாம். இரண்டு ரயில்களுக்கு நடுவே அதுவும் ஒரு ரயிலாகப் போய்விடலாம். பொறியியல் அளவுகோலில் பார்த்தால் இது சுமாரான சாணை. கால அட்டவணை போடுபவரின் கண்ணில் இதைவிட நல்லது இல்லை.

சத்தத்துக்காகவும் சாணை பிடிப்பதுண்டு. தண்டவாளத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் மேடும் பள்ளமுமாக அலைகள் விழும். அதன்மேல் ரயில் போனால் உறுமும். ஜெர்மனியில் ‘தனிக் கண்காணிப்புப் பாதை’ என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒலி அளக்கும் வண்டி ஓடும், அளவு மீறினால் சாணை வரும். அப்படிப் பராமரிக்கப்படும் பாதைக்கு இரைச்சல் கணக்கில் 3 டெசிபல் தள்ளுபடி. ஒலித்தடுப்புச் சுவர் கட்டுவதைவிடத் தண்டவாளத்தை வழுவழுப்பாக வைப்பது மலிவு என்ற கணக்கு. வீட்டு மாடியை ஒட்டி மெட்ரோ ஓடும் ஊர்கள் நம் நாட்டில் பெருகிவருவதால் இந்த ஜெர்மன் ஏற்பாட்டைக் கவனிப்பது நமக்கும் நல்லது.

தண்டவாளத் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அது கான்கிரீட் கட்டைமேல் இருக்கிறது, கட்டை ஜல்லிமேல் இருக்கிறது. ஜல்லி தளர்ந்து கட்டை தொங்கினால், என்னதான் சாணை பிடித்தாலும் சக்கரம் அந்த இடத்தில் குதித்துத் தண்டவாளத்தை அடிக்கும். அலை விழுந்த தண்டவாளம் அதிர்ந்து ஜல்லியைத் தளர்த்துவதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஜல்லி இறுக்குவதைப் ‘பேக்கிங்’ என்பார்கள். ஒரு காலத்தில் கேங்மேன்கள் வரிசையாக நின்று, குரல் கொடுத்து, பீட்டர் என்ற இரும்புக் கோலால் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தித் திணித்தார்கள். கான்கிரீட் கட்டையும் நீளத் தண்டவாளமும் வந்தபின் கையால் ஆகாத காரியமாயிற்று. ஆஸ்திரியாவில் 1953-இல் தொடங்கிய பிளாசர் அண்டு தாயரர் நிறுவனத்தின் இயந்திரங்கள் இந்த வேலையை உலகமெங்கும் எடுத்துக்கொண்டன. அதன் இந்தியக் கிளை பரிதாபாத்தில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. இயந்திரம் பாதையைத் தூக்கிப் பிடித்து, நொடிக்கு 35 முறை அதிரும் எஃகு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, கட்டைக்கு அடியில் நெருக்குகிறது. அந்த விரல்கள் ஜல்லியை உடைக்கவும் செய்கின்றன. பேக்கிங் முடிந்த பாதை சில நாள் இளகியிருக்கும். கோடை வெயிலில் தண்டவாளம் விரிந்து பக்கவாட்டில் வளைய அதுவே தோதான நேரம். அதனால்தான் பாதையை அதிரச் செய்து படியவைக்கும் இன்னொரு வண்டி பின்னாலேயே வருகிறது. அழுக்கேறிய ஜல்லியை அள்ளிச் சலித்துப் போட வேறொன்று. எல்லாமே பிளாக் கேட்கும்.

இந்திய ரயில்வேக்குச் சாணை தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த லோரம் நிறுவனத்தின் 72 கல் இயந்திரங்கள் 2010-களின் தொடக்கத்தில் இங்கே ஓடத் தொடங்கின. பின்னர் 96 கல் இயந்திரங்களும் சேர்ந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2005 வாக்கில், வேகன்களில் பளுவைக் கூட்டி ஏற்ற அனுமதித்து ரயில்வே லாபம் பார்த்திருந்தது. பளு முதலில் ஏறிற்று, சாணை பின்னால் வந்தது. வரிசை தலைகீழாக இருந்திருக்கவேண்டும்.

சாணையால் தீராத நோய்களும் நம் பாதையில் உண்டு. முக்கியமானது அடிப்பாகத் துரு. பெட்டிகளின் கழிப்பறைகள் நேரே பாதையில் கொட்டிய காலத்தில், தண்டவாளத்தின் பாதமும் அதைப் பிடிக்கும் கிளிப்புகளும் அரிக்கப்பட்டன. நிலையப் பகுதிகளில் இன்னும் மோசம். தலை நன்றாக இருக்கும், பாதம் போயிருக்கும். 2012-இல் அனில் ககோட்கர் குழு தன் பாதுகாப்பு அறிக்கையில் இதை வலியுறுத்திச் சொன்னது. பயணிகள் பெட்டிகள் உயிரிக் கழிப்பறைக்கு மாறியதைத் தூய்மைத் திட்டமாகவே நாம் பார்க்கிறோம். தண்டவாளக்காரர்களுக்கு அது உயிர் காத்த திட்டம். கடற்கரையோரப் பாதைகளில் உப்புக்காற்று இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இயந்திரங்கள் வந்தபின் என்ன ஆயிற்று? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022-இல் தடம்புரளல்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. நான்கு ஆண்டுகளின் விபத்து விசாரணை அறிக்கைகளை எடுத்துப் பார்த்ததில், பொறியியல் பிரிவின் பொறுப்பாக வந்த தடம்புரளல்கள் 422; அவற்றில் 171 பாதைப் பராமரிப்போடு தொடர்புடையவை. பாதை இயந்திரங்கள் சும்மா நின்ற நாட்களையும் தணிக்கையாளர்கள் ஆராய்ந்தார்கள். இயக்கப் பிரிவு பிளாக் கொடுக்காததால் நின்றது 32 விழுக்காடு, கோட்டங்கள் பிளாக்கைத் திட்டமிடாததால் நின்றது 30 விழுக்காடு. ஆள் இல்லாமல் நின்றது வெகு சொற்பம். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் நிலையத்தின் ஓரப் பாதையில் நிற்கிறது. அதன் ஊழியர்கள் பக்கத்திலேயே முகாம் பெட்டியில் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, கட்டுப்பாட்டு அறையின் அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே இந்த முகாம் பெட்டிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

மூன்று மணி நேர பிளாக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். முந்தைய ரயில் அடுத்த நிலையத்தைத் தாண்டவேண்டும். நிலைய அதிகாரிகள் ரகசிய எண் பரிமாறி, எழுதிக்கொள்ளவேண்டும். இயந்திரம் ஓரப் பாதையிலிருந்து புறப்பட்டு வேலை இடத்துக்குப் போகவேண்டும். கற்களை இறக்கி, ஒரு ஓட்டம் ஓட்டி, அளந்து, மறு ஓட்டம் ஓட்டவேண்டும். பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் பூட்டி, பாதையைப் பார்த்துத் தீர்த்து, நேரம் முடிவதற்குள் திரும்பி வந்து ஒதுங்கவேண்டும். முந்தைய ரயில் அரைமணி தாமதம் என்றால் அந்த அரைமணி சாணையின் கணக்கில்தான் கழியும். மூன்று மணி நேரத்தில் கல் தண்டவாளத்தைத் தொட்டது எவ்வளவு நேரம் என்பதுதான் உண்மையான கணக்கு.

பிளாக் கிடைக்காமலே வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2017 ஆகஸ்ட் 19 காட்டியது. உத்தரப் பிரதேசத்தின் கதௌலியில், பாதையில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே பூரி–ஹரித்வார் உத்கல் எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் வந்து கவிழ்ந்தது. பாதை மூடப்படவில்லை, ஓட்டுநருக்கு எச்சரிக்கையும் இல்லை. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பாதை ஊழியர்மீது நடவடிக்கை எடுப்பது சுலபம், எடுத்தார்கள். கேட்ட நேரம் கேட்டபோது கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பிரிவுகளில் இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நேர நெருக்கடி பணக்கார ரயில்வேக்களையும் விடுவதில்லை. 2010 ஆகஸ்ட் 13 அன்று லண்டன் பாதாள ரயிலின் வடக்குப் பாதையில் இரவு வேலை செய்த சாணை வண்டி பழுதாகி நின்றுவிட்டது. காலை சேவையை விடவேண்டும். ஒரு பயணிகள் ரயிலைக் கொண்டுவந்து, வண்டியை அதோடு இணைத்து இழுத்தார்கள். இழுக்கப்படுவதற்காக வண்டியின் பிரேக்கைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது இணைப்பு முறிந்தது. சாணை வண்டி பின்னோக்கி உருண்டு, ஆளில்லாமல், ஏழு நிலையங்களைத் தாண்டி, ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. முன்னால் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கட்டுப்பாட்டு அறை எங்கும் நிறுத்தாமல் விரட்டி, மோதலைத் தவிர்த்தது. சாணை வண்டி பதின்மூன்று நிமிடம் கழித்து ஒரு மேட்டில் தானாக நின்றது. யாருக்கும் காயமில்லை. பராமரிப்பு இயந்திரமே ஆபத்தாக மாறிய இந்தச் சம்பவத்தில், விடிவதற்குள் பாதையைக் காலி செய்தாகவேண்டும் என்ற அவசரம் பின்னணியில் இருந்ததை மறக்கமுடியாது.

ஜப்பான் வேறு வழியில் போயிற்று. 1964-இல் தொடங்கிய ஷின்கான்சென் பாதைகளில் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ரயில் கிடையாது. அந்த ஆறு மணி நேரம் தினமும் பராமரிப்புக்கு. யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டாம். நாம் ‘அவர்களுடைய ஒழுங்கு’ என்று வியப்பதில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. இதை அப்படியே இங்கே கொண்டுவரமுடியாது. நமக்கு இரவுதான் ரயில். பாண்டியன், நெல்லை, முத்துநகர், பொதிகை எல்லாம் தூங்கிக்கொண்டே போய்ச் சேரும் ரயில்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் பாதையில் நள்ளிரவு ஓய்வு என்று சொன்னால் தென்மாவட்டமே சண்டைக்கு வரும். அதனால் பகலில் பிளாக், அதனால் ஞாயிற்றுக்கிழமை ரத்து.

2023 நவம்பரில் ரயில்வே தன் பொது விதிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பராமரிப்பு பிளாக்குகளை 52 வாரம் வரை முன்கூட்டியே திட்டமிட்டு, சுழற்சி முறையில் புதுப்பித்துக்கொண்டே போகவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதி. ஒரே பிளாக்கில் பாதை, மின்கம்பி, சிக்னல் மூன்று பிரிவும் வேலை பார்த்துக்கொள்ளவும் அது வழி செய்கிறது. ஆனால் எழுதி வைத்த பிளாக்கை அன்றைய தினம் கட்டுப்பாட்டாளர் நிறுத்தி வைத்தால் விதி என்ன செய்யும்? வடக்கிலும் மேற்கிலும் சரக்குத் தனிப்பாதைகள் வந்து பழைய பாதைகளின் நெரிசலைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. தளர்ந்த நேரம் சாணைக்கும் பேக்கிங்குக்கும் போகிறதா, புதிதாகக் கொடியசைத்துத் தொடங்கும் ரயில்களுக்குப் போகிறதா என்பதைப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு அப்படிப்பட்ட தனிப்பாதையும் கிடையாது.

கோட்ட மேலாளரின் திறமையை அளக்க நேரந்தவறாமை விழுக்காடு கையில் இருக்கிறது. பிளாக்கை மறுத்தால் அந்த எண் இன்றே உயரும். மறுத்ததன் விலை சில ஆண்டுகள் கழித்து, வேறொரு மேலாளரின் காலத்தில், தண்டவாள மாற்றச் செலவாகவோ உடைப்பாகவோ வரும். இந்த நிலையில் புதுச் சாணை இயந்திரம் வாங்கும் அறிவிப்புகள் என்னை அதிகம் ஈர்ப்பதில்லை. ஒவ்வொரு கோட்டமும் மாதந்தோறும் எத்தனை மணி நேர பிளாக் கேட்கப்பட்டது, எத்தனை கொடுக்கப்பட்டது, கல் தண்டவாளத்தைத் தொட்டது எத்தனை மணி நேரம் என்ற மூன்று எண்களை நேரந்தவறாமை விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே வெளியிட்டால், இருக்கிற இயந்திரங்கள் போதுமா போதாதா என்பது அப்போது தெரிந்துவிடும்.